ஒத்தப்பனைத் தோட்டத்தின் ஆறாத கால்கள்

திங்கட்கிழமை காலையில் சங்கிலியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதென்று முடிவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம், சூலியா தெரு மாடியில் மீன் குழம்பும் சோறுமாக உட்கார்ந்திருந்த ஹபீப் முகம்மதிடம் அந்தச் சேதி வந்து சேர்ந்தது. கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றது.

ஹபீப் முகம்மது ஒரு காலத்தில் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். ஊரார் சொல்லும் பொய்யையெல்லாம் தமிழ், மலாய், இங்கிலீஷ் என்று மூன்று பாஷைகளில் திருப்பிச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் வேலையை விட்டவர். உண்மையை ஒரே ஒரு பாஷையிலாவது கேட்டுவிட வேண்டும் என்ற ஆசையில்தான் 'துப்பறியப்படும்' என்று பலகை மாட்டினார். அவருடைய உதவியாளன் ஜபருல்லா முன்னாளில் கப்பல் சமையல்காரன். வயிறு முன்னால் வரும், அவன் பின்னால் வருவான். வாய் மட்டும் எப்போதும் வெற்றிலையால் சிவந்திருக்கும்.

"நானா, கேஸு ஒண்ணு பிடிச்சாந்திருக்கேன்" என்றான் ஜபருல்லா. "கீழ வெத்திலைக் கடையில கெடச்சிச்சு."

அவனுக்குப் பின்னால் நின்ற பெண் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பெயர் தனலெட்சுமி. கடல் தாண்டி அக்கரையில், பாகான் டாலாமுக்கு அப்பால் உள்ள ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். அந்தத் தோட்டத்துக்குத் துரை வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. அது யார் வாயிலும் நுழையாததால், ஆலை வாசலில் தனியாக நிற்கும் பனையைப் பார்த்து ஒத்தப்பனைத் தோட்டம் என்று சனங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

"எம் புருசன் காலை நாளைக்கு வெட்டப் போறாங்க பாய்" என்றாள். "புண்ணு ஆற மாட்டேங்குதாம். டவுன் ஆளுக்கு ஆறுது, வேற தோட்டத்து ஆளுக்கும் ஆறுது. எங்க தோட்டத்து ஆளுங்க மட்டும் மாசக்கணக்காக் கெடக்குறாங்க. யாரோ என்னமோ பண்றாங்க பாய். எப்படியாச்சும் அந்தக் காலைக் காப்பாத்திக் குடுங்க."

"யார் மேலம்மா சந்தேகம்?"

அவள் ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "எதிர்த்த கடையில தவசிக் கங்காணி டீ குடிச்சிக்கிட்டு இருக்காரு. வாரா வாரம் அவரு கூடத்தான் நான் படகு ஏறணும். வெத்திலை வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். நான் போறேன் பாய்."

வந்த வேகத்திலேயே படியிறங்கிப் போய்விட்டாள். ஜபருல்லா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். வெள்ளை வேட்டியும் கறுப்புக் கோட்டும் போட்ட ஓர் ஆள் எதிர்க்கடை பெஞ்சில் குடையை ஊன்றி உட்கார்ந்திருந்தான். அவள் கிட்டே வந்ததும் எழுந்து, அவள் கையிலிருந்த பொட்டலத்தைத் தானே வாங்கி ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"மாமியார் கூட மருமகளை இப்படிச் சோதனை போடமாட்டா நானா" என்றான் ஜபருல்லா.

ஹபீப் முகம்மது கையைக் கழுவினார். சோறு பாதி மிச்சம் இருந்தது.

*

கடற்கரைத் தர்ம ஆஸ்பத்திரியின் டாக்டர் குருவிளா நல்ல மனிதர். ஒரே ஒரு பலவீனம், நோயாளி எத்தனை நாள் படுக்கையில் இருந்தான் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், தன் கல்யாணக் கதையைப் போல விரிவாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். ஹபீப் முகம்மது கேட்டார்.

"நான் வந்த புதுசுல கால் புண்ணுன்னு ஒருத்தன் வந்தா மூணு மாசம் கட்டிலு காலியாகாது" என்றார் டாக்டர். "வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வருது. இப்ப டவுன் ஆளு மூணு வாரத்துல நடந்து போறான். வீட்டுச் சோறு தினமும் வருது, போதாததுக்கு பொண்டாட்டி வந்து எப்ப விடுவீங்கன்னு என் உசிரை எடுக்குறா. மலைக்கு அந்தப் பக்கத்துப் பாலிக் பூலாவ் ஆளுக்கு அதை விடக் கொஞ்சம் கூட. அக்கரைத் தோட்டத்து ஆளுக்கு இன்னும் கூட, ஏன்னா அவன் புரையோடின பிறகுதான் படகு ஏறுவான். ஊருக்கு ஊர் இந்த வித்தியாசம் உண்டு மிஸ்டர் ஹபீப். அது எனக்குப் புரியுது. ஒத்தப்பனைதான் புரியல."

"அவங்க மட்டும் ஏன் இவ்வளவு நாள்?"

"அதுலதான் வேடிக்கை. முன்னே அவங்கதான் எல்லாரையும் விடச் சீக்கிரம் போவாங்க. பாதி ஆறினதுமே கங்காணி வந்து, தோட்டத்துல ஆள் இல்லைன்னு கூட்டிட்டுப் போயிடுவான். இந்தத் தைப்பூசத்துலேர்ந்து எல்லாம் தலைகீழ். வந்தவன் எவனுக்கும் ஆறல. ஒருத்தன் காலை எடுத்தாச்சு. அவனைக் குடும்பத்தோட ஊருக்குக் கப்பல் ஏத்திட்டாங்க. இன்னும் மூணு பேர் கிடக்குறாங்க. தோட்டத்துத் தண்ணியைச் சோதிச்சேன், மண்ணைச் சோதிச்சேன். ஒண்ணும் இல்லை."

"ஆஸ்பத்திரிச் சோறு ருசி கூடிப் போச்சோ என்னமோ" என்றான் ஜபருல்லா.

"நீங்க இங்க சாப்பிட்டதில்லை போல" என்றார் டாக்டர். பிறகு முகம் வாடிப்போனார். "எனக்குச் சங்கிலியை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு. மத்தவங்களுக்கு முன்னாலேயே வந்தவன். தைப்பூசத்தன்னைக்குக் காவடிச் சத்தம் கேட்கணும்னு அழுதான். கட்டிலை ஜன்னல் பக்கமா இழுத்துப் போட்டுக் குடுத்தேன். அப்ப அவன் புண்ணு நல்லா மூடிக்கிட்டு வந்துச்சு. அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புறதா இருந்தேன். திடீர்னு திரும்பிக்கிச்சு."

"கங்காணி வந்தா மருந்து ஏதாவது தருவானா?"

"வார்டுக்குள்ள வருவான், எல்லாக் கட்டிலையும் பார்ப்பான், போயிடுவான். யாரையும் தொடமாட்டான். நானே ஆள் வெச்சுப் பார்த்தாச்சு."

வராந்தாவுக்கு வந்ததும் ஜபருல்லா குரலைத் தாழ்த்தினான். "நானா, கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு? டாக்டர்தான் ஆளு. கத்தி தீட்டியாச்சு, வெட்ட ஒரு காலு வேணும்."

"அவர் கத்தியைத் தள்ளிப்போடத்தான் வழி தேடுறாரு. நீ போய் அவன்கிட்டப் பேச்சுக் குடு. போலீஸ் மாதிரிப் பேசாதே."

"நான் எப்பவும் சமையல்காரன் மாதிரிதான் பேசுவேன்" என்றான் ஜபருல்லா.

*

பார்வையாளர்களை விடும் மணி இன்னும் அடிக்கவில்லை. நீண்ட வார்டில் பெரும்பாலான கட்டில்களில் டவுன்காரர்கள் படுத்திருந்தார்கள். வீட்டிலிருந்து வரப்போகும் தூக்குச்சட்டியைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோடியில் மூன்று கட்டில்களில் மட்டும் பேச்சே இல்லை. ஜன்னல் ஓரத்துக் கட்டில் சங்கிலியுடையது. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முகத்தில் காய்ச்சல்காரனின் களை. காலில் சுற்றிய துணியிலிருந்து வந்த வாடை ஹபீப் முகம்மதை இரண்டடி தள்ளியே நிறுத்தியது.

ஜபருல்லா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். கட்டில் முனகியது. "தம்பி, ஒரு வெத்திலை போடுவோமா?"

"வேணாண்ணே."

"என்ன தம்பி, தலைமாட்டுல இவ்வளவு பெரிய மூட்டையை வெச்சிக்கிட்டு வேணாங்கிற? உன்னுதுலேர்ந்து எனக்காவது ஒண்ணு குடு."

சங்கிலி கையை நீட்டித் தடுப்பதற்குள் ஜபருல்லா மூட்டையைப் பிரித்துவிட்டான். உள்ளே கை விட்டுத் துழாவினான். பிறகு வெற்றிலை கேட்டதையே மறந்து, மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு எழுந்து ஹபீப் முகம்மதிடம் வந்தான்.

"நானா, கப்பல் ஏறின நாள் முதலா வெத்திலை போடுறவன் நான். முதல்ல தீருறது பாக்கு. அப்புறம் வெத்திலை. சுண்ணாம்பு எப்பவும் மிஞ்சும், ஒரு டப்பா வாங்கினா வாங்கினதே மறந்துபோகும். இவன்கிட்ட வெத்திலை சருகாக் காஞ்சு கெடக்கு. பாக்கு வாங்கின மாதிரியே இருக்கு. சுண்ணாம்பு டப்பா மட்டும் வழிச்சு நக்கினாப்ல காலி. பல்லைப் பாத்தீங்களா? முத்து!"

ஹபீப் முகம்மது பார்த்தார். பல்லை அல்ல, விரலை. சங்கிலியின் வலது ஆள்காட்டி விரல் நுனியில் தோல் வெளுத்து, வெடித்து, வெந்து போயிருந்தது. பால் வெட்டிய கையில் கத்தித் தழும்பு இருக்கும், காய்ப்பு இருக்கும். சுண்ணாம்பு தின்ற விரல் இருக்காது. தோட்டத்துத் தண்ணீரையும் மண்ணையும் சோதித்த டாக்டருக்கு, நோயாளியே தன் புண்ணைத் தினமும் எரித்துக்கொள்வான் என்று எப்படித் தோன்றும்?

அவர் கட்டிலுக்கு அருகே போய்க் குனிந்தார். வாடையை இப்போது பொருட்படுத்தவில்லை.

"ஏன் தம்பி, ஆறி வர்ற காலைச் சுண்ணாம்பு வெச்சுக் கொல்லுற?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் இரண்டு பேரும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். அவர்கள் தலைமாட்டிலும் வெற்றிலை மூட்டைகள் இருந்தன.

"காலு போனா கப்பலு பாய்" என்றான் சங்கிலி. "வேலைக்கு ஆகாதவனை அவங்களே குடும்பத்தோட ஊருக்கு அனுப்பிடுவாங்க. முதல்ல காலு போன கட்டையன் அப்படித்தான் போனான். அவனுக்கு நெசமாவே அழுகிப் போச்சு. நாங்க அதைப் பாத்து..."

"ஊருக்குப் போகணும்னா நடந்து போகலாமே."

"எங்க தோட்டத்துலேர்ந்தா? கங்காணி ஆளுங்க ரோட்டுல நிக்கிறாங்க. கிளம்பினவனைப் பாகான் டாலாம் தாண்ட விடமாட்டாங்க. புடிச்சாந்து போடுவாங்க."

"அப்படி என்ன பயம் உனக்கு?"

சங்கிலி மூச்சை இழுத்துக்கொண்டான். "அழகர்னு ஒருத்தன் இருந்தான் பாய். கங்காணி மேல துரைகிட்டப் புகார் சொன்னான். தைப்பூசத்தன்னைக்குத் தோட்டமே இங்க கோயிலுக்கு வந்திருச்சு. திரும்பிப் போய்ப் பாத்தா அழகர் ஆலைக் குட்டையில மிதக்குறான். குடிச்சிட்டு விழுந்தான்னு கங்காணி சொன்னான், எல்லாரும் ஆமான்னுட்டாங்க. ஆனா தண்ணிக்குள்ள அவன் தலையை அமுக்கிப் புடிச்சது கங்காணி. நான் பாத்தேன். என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"அம்மாடி" என்றான் ஜபருல்லா.

ஹபீப் முகம்மது நிமிர்ந்தார். கோர்ட்டில் எத்தனையோ சாட்சிகளின் வார்த்தைகளை மாற்றிச் சொன்னவர். பொய் சொல்கிறவன் எப்போதும் ஒரு அவசரத்தோடுதான் 'என் ரெண்டு கண்ணால' என்பான். அது ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கே உதைத்தது. ஜன்னலைப் பார்த்தார். பிறகு, ஜன்னலை ஒட்டி இழுத்துப் போடப்பட்டிருந்த அந்தக் கட்டிலைப் பார்த்தார்.

"தம்பி, தைப்பூசத்தன்னைக்கு நீ இந்தக் கட்டில்ல படுத்துக் காவடிச் சத்தம் கேட்டுக்கிட்டு இருந்தே."

சங்கிலி போர்வையை இழுத்துக் காலை மூடினான்.

"டாக்டர் சொல்லிட்டாரு. அடுத்த வாரம் நீ வீட்டுக்குப் போற மாதிரி இருந்துச்சு. அந்த ஞாயித்துக்கிழமை யாரோ உன்னைப் பாக்க வந்து ஒரு விஷயம் சொன்னாங்க. அன்னைக்குத்தான் நீ சுண்ணாம்பைத் தொட்டே. உன்னைப் பாக்க வாரா வாரம் வர்றது ஒரே ஒரு ஆளுதானே?"

சங்கிலி அழ ஆரம்பித்தான். சத்தமில்லாமல், வார்டில் யாருக்கும் கேட்காதபடி அழுதான். "அவதான் பாத்தா" என்றான். "அவளுக்குக் கோயிலுக்குப் போகக் கூடாத நாளு. ஒதுங்கி இருந்தா. குட்டைக்கு அந்தப் பக்கம் லாலான் புல்லு மறைவுல தலைக்குக் குளிச்சிக்கிட்டு இருந்தவ பாத்துட்டா. தோட்டமே காலின்னு நெனச்சிட்டான் கங்காணி. பொம்பளைங்க சமாச்சாரம் அவனுக்கு எங்க தெரியும்? ஆனா இப்ப என்ன மோப்பம் புடிச்சானோ, லயம் லயமா, வீடு வீடாப் போய், அன்னைக்குக் கோயிலுக்கு வராதவங்க யாருன்னு கேக்குறான். அவளோ துரைகிட்டச் சொல்லியே தீருவேன்னு நிக்கிறா. கப்பலு வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருடின்னு கெஞ்சி வெச்சிருக்கேன். நீங்க டாக்டர்கிட்டச் சொன்னீங்கன்னா என் காலு பொழச்சிக்கும் பாய். அவ பொழைக்க மாட்டா."

காலைக் காப்பாற்று என்றுதான் அவள் வந்தாள். காலைக் காப்பாற்றினால், ஆறினதும் இவனைத் தோட்டத்துக்கே அனுப்பிவிடுவார்கள், கப்பல் கிடையாது. காப்பாற்றாமல் விட்டால் விடிந்ததும் கத்தி. துப்பு துலங்கிய சந்தோஷம் என்று ஒன்று உண்டு என்பார்கள். அன்றைக்கு அவர் அதைக் காணவில்லை. துலங்காமலே இருந்திருக்கலாம் என்றுதான் பட்டது.

மணி அடித்தது.

"ஜபருல்லா, கங்காணியை வராந்தாவுல பிடிச்சுப் பேச்சுல கட்டிப் போடு."

"கயிறே வேணாம் நானா" என்று ஜபருல்லா ஓடினான். அந்த உடம்பு ஓடுமா என்று சந்தேகப்பட்டவர்கள் அன்று வார்டில் இருந்திருந்தால் திருந்தியிருப்பார்கள்.

*

டவுன் சனம் தூக்குச்சட்டியும் சிரிப்புமாக உள்ளே வந்தது. அதற்கு நடுவே தனலெட்சுமி நேராக ஜன்னல் கட்டிலுக்கு வந்து, புருஷன் தலையைத் தடவிக்கொடுத்து, தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். புதுச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

அந்தச் சுண்ணாம்பு எங்கே போகிறதென்று ஹபீப் முகம்மது அவளிடம் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. மொழிபெயர்க்கும்போது எப்படிச் சொல்வாரோ அப்படி, கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

அவள் முதலில் டப்பாவைப் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள். "வலி மறக்கப் போடுறாருன்னு நெனச்சேனே" என்றாள். "ஒவ்வொரு வாரமும் நல்ல சுண்ணாம்பாக் குடுங்கன்னு கேட்டு வாங்கியாந்தேனே."

"காலு ஒண்ணுதானே புள்ள" என்றான் சங்கிலி. "எனக்கு நீ முழுசா வேணும்."

"என்னைக் கேட்டியா?" டப்பாவைத் தட்டிவிட்டாள். "ராவும் பகலும் நான் தூங்காமக் கெடக்குறேன். அழகர் பொண்டாட்டி எதுத்த லயத்துல ஒப்பாரி வெச்சிக்கிட்டு இருக்கா. வாயை மூடு மூடுன்னு சொன்னியே, உன் காலை வித்து என் வாயை மூடுறேன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

பட்டென்று அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். அடித்த கையாலேயே அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஹபீப் முகம்மது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போலீஸ் எனக்குத் தெரிஞ்ச இடம்மா" என்றார். "நீ சொல்றதை நான் எடுத்துச் சொல்ல முடியும். நம்புவாங்களான்னு இப்பச் சொல்ல முடியாது. ஆனா நீ அக்கரைக்குத் திரும்பிப் போனா, அதுக்கப்புறம் யாரும் உன்னைக் கேக்கப் போறதில்லை. இதுல முடிவு உன்னுது."

அவள் பதில் சொல்வதற்குள் வார்டு வாசலில் நிழல் விழுந்தது. தவசிக் கங்காணி குடையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் ஜபருல்லா, முடிந்தவரை பார்த்தேன் என்பதாகக் கையை விரித்தான். வழக்கம் போலக் கங்காணி முதல் கட்டிலிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். ஜன்னலருகே ஓர் அந்நிய ஆள் நிற்பதைக் கண்டதும் நடை மெதுவானது.

"யாரு இவரு?" என்றான். பிறகு அவளிடம், இனிமையாக, "வெத்திலை மடிச்சுக் குடுத்தாச்சா தனலெட்சுமி? கிளம்பு. படகுக்கு நேரமாச்சு."

அவள் எழுந்தாள். அழுத கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"நான் படகு ஏறல கங்காணியாரே."

"ஏன்?"

"லயம் லயமா ஒரு கேள்வி கேட்டுக்கிட்டுத் திரியிறீங்களே, யாரும் பதில் சொல்லலைன்னு" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். தூக்குச்சட்டி திறந்துகொண்டிருந்த டவுன்காரர்களின் கை நின்றது. "தைப்பூசத்தன்னைக்கு நான் கோயிலுக்கு வரல. குட்டைக்கு அந்தப் பக்கம் இருந்தேன்."

கங்காணி குடையைக் கையிடுக்கிலிருந்து எடுத்தான். ஒரு அடி முன்னால் வைத்தான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த ஒத்தப்பனைக்காரர்கள் இரண்டு பேரும் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்கள்.

"வாசலை மூடு, ஜபருல்லா" என்றார் ஹபீப் முகம்மது.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சங்கிலி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். மாசக்கணக்காகத் தரையைத் தொடாத வலது காலை ஊன்றியபோது பல்லைக் கடித்துக்கொண்டான். கட்டுத் துணியில் ரத்தம் கசிந்தது. அப்படியே இரண்டடி நடந்து போய் அவளுக்கும் கங்காணிக்கும் நடுவில் நின்றான்.